பியானோ இல்லாத பில் எவன்ஸ்

புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடும் சந்தையில், செருப்புக் குவியல்களுக்கும் ஆயத்த ஆடைகளுக்கும் நடுவே, பழைய புத்தகங்களைத் தார்ப்பாயில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் சிலர் உண்டு. ஊரைக் காலிசெய்துகொண்டு பிரான்சுக்குப் போன குடும்பங்களின் அலமாரிப் பொருள்கள் அவர்களிடம் அவ்வப்போது வந்து சேரும் என்பதால், பிரெஞ்சு நாவல்களுக்கும் சமையல் புத்தகங்களுக்கும் அடியில் எப்போதாவது நல்ல இசைத்தட்டு ஒன்று அகப்படும். சென்ற மாதம் அப்படி ஓர் அட்டைப்பெட்டியைக் கிளறியபோது, கெட்டி அட்டை உறைக்குள் இருந்த குறுந்தகடு ஒன்றில் ஜாஸ் பியானோ கலைஞர் பில் எவன்ஸின் பெயரைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த இன்னொரு பெயரை அவசரத்தில் கவனிக்கவில்லை. கடைக்காரர் 80 ரூபாய் சொன்னார், 60-க்கு முடிந்தது. பியானோ கேட்கலாம் என்ற ஆசையோடு வீட்டுக்கு வந்து, உறையைத் திருப்பி வாத்தியக்காரர்களின் பெயர்களைப் படித்த பிறகுதான், அந்தத் தட்டில் பியானோவே கிடையாது என்பது தெரிந்தது.

அது டிரம்மர் பால் மோஷனின் ‘பில் எவன்ஸ்’ என்ற தட்டு. 1990-ஆம் ஆண்டு நியூயார்க்கில் பதிவாகி, ஸ்டெஃபன் வின்டரின் ஜே.எம்.டி. நிறுவனம் வெளியிட்டது, என் கைக்கு வந்தது பின்னாளில் வின்டர் அண்ட் வின்டர் கொண்டுவந்த மறுபதிப்பு. டெனர் சாக்ஸபோனில் ஜோ லொவானோ, மின்கிதாரில் பில் ஃப்ரிசெல், கீழ்ச்சுரங்களைத் தரும் பெரிய தந்தி வாத்தியமான டபுள் பேஸில் மார்க் ஜான்சன், டிரம்ஸில் மோஷன் என்று நான்கு பேர் வாசிக்கிறார்கள். ஒன்பது உருப்படிகள்; ஒன்பதும் பில் எவன்ஸ் இயற்றியவை. உலகம் ஒரு பியானோ கலைஞராக மட்டுமே நினைவில் வைத்திருக்கும் ஒருவருக்கு அஞ்சலி செய்யப் புறப்பட்டு, முதல் காரியமாகப் பியானோவை அப்புறப்படுத்தியிருக்கிறார் மோஷன். மூன்று வாரங்களாக இத்தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டபின், அவர் செய்த மிகச் சரியான காரியம் அதுதான் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

ஏன் என்று சொல்வதற்கு முன் எவன்ஸைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1929-இல் பிறந்து 1980-இல் மறைந்த எவன்ஸ், 1959-இல் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் பதிவுசெய்த ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ தட்டில் பியானோ வாசித்தவர் என்பதால், ஜாஸ் கேட்காதவர்கள்கூட அவருடைய விரல்களை எங்கோ கேட்டிருப்பார்கள். ஆனால் அவர் புகழ் பெரும்பாலும் பிறருடைய பாடல்களை வாசித்ததால் வந்தது. பிராட்வே நாடகங்களிலும் திரைப்படங்களிலும் வந்த மெல்லிசைப் பாடல்களை எடுத்து, அவற்றின் கார்டுகளை, அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்களை, உள்ளுக்குள் மாற்றி அமைத்து, கேட்பவருக்குத் தெரிந்த பாட்டையே தெரியாத பாட்டாக ஒலிக்கச் செய்வது அவருடைய தனித்திறமை. நம் ஊரில் ஒரு வித்துவானை அவர் பாடும் கிருதிகளுக்காகக் கொண்டாடிவிட்டு, அவரே இயற்றிய வர்ணங்களையும் தில்லானாக்களையும் சீடர்களின் நோட்டுப் புத்தகத்தோடு விட்டுவிடுவோமே, அதுபோன்ற ஒரு நிலை எவன்ஸ் இயற்றியவற்றுக்கும் ஏற்பட்டது. விதிவிலக்காக எல்லோரும் வாசிக்கும் ‘வால்ட்ஸ் ஃபார் டெபி’ இருக்கிறது. ‘ப்ளூ இன் கிரீன்’ இருக்கிறது. மோஷன் அந்த இரண்டையும் இத்தட்டில் சேர்க்கவில்லை. விற்பனையை மனத்தில் வைத்திருந்தால் முதலில் எழுதியிருக்க வேண்டிய பெயர்கள் அவை. அவற்றைத் தவிர்த்துவிட்டு, அதிகம் புழங்காத ஒன்பதைப் பொறுக்கியிருக்கிறார்.

பொறுக்கியது ஏட்டைப் பார்த்து அல்ல என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த செய்தி. 1956-இல் ‘நியூ ஜாஸ் கன்செப்ஷன்ஸ்’ என்ற எவன்ஸின் முதல் தட்டு பதிவானபோது டிரம்ஸில் இருந்தவர் மோஷன். 1959-இல் பேஸ் கலைஞர் ஸ்காட் லஃபாரோ சேர்ந்து உருவான புகழ்பெற்ற மூவர் குழுவிலும் அவர்தான் இருந்தார். 1961 ஜூன் 25, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் என்ற ஜாஸ் விடுதியில் அக்குழு வாசித்ததை ஒலிப்பதிவு செய்தார்கள்; பதினோராம் நாள், ஜூலை 6 அன்று, லஃபாரோ கார் விபத்தில் இறந்துபோனார். சில மாதங்கள் ஒடுங்கிக் கிடந்த எவன்ஸ், சக் இஸ்ரேல்ஸைப் பேஸில் சேர்த்துக்கொண்டு மீண்டும் மூவராகி, 1962 கோடையில் ஒரே தொடர்ச்சியாகப் பதிவுசெய்தவை இரண்டு தட்டுகளாக வந்தன: நிதானமானவை ‘மூன் பீம்ஸ்’ என்றும், சற்று ஓட்டமானவை ‘ஹவ் மை ஹார்ட் சிங்ஸ்’ என்றும். மோஷன் 1990-இல் எடுத்த ஒன்பதில் ஐந்து இந்த இரண்டு தட்டுகளில் உள்ளவை. ஒன்று 1956-ஆம் ஆண்டின் முதல் தட்டில் உள்ளது. அதாவது ஒன்பதில் ஆறு உருப்படிகள் பதிவான அறையில் மோஷனே டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, தான் பக்கவாத்தியமாக வாசித்த உருப்படிகளைத் தன் பெயரில் மேடையேற்றுகிறார்.

பேஸ் கலைஞர் மார்க் ஜான்சனின் தேர்விலும் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. எவன்ஸின் வாழ்நாளில் கடைசியாக அமைந்த மூவர் குழுவில் 1978 முதல் பேஸ் வாசித்தவர் ஜான்சன். முதல் குழுவின் டிரம்மரும் கடைசிக் குழுவின் பேஸ் கலைஞரும் இங்கே சேர்ந்து உட்காருகிறார்கள். இருவருக்கும் நடுவில் இருந்திருக்க வேண்டியவர் பத்து ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டார். வெற்றிடத்தைக் காட்டுவதற்காக இப்படிச் செய்தார்களா, இயல்பாக அமைந்ததா என்பது முக்கியமில்லை. கேட்கும்போது அந்த இடம் காலியாக இருப்பது காதுக்குத் தெரிகிறது. வேறு எவரும் அதில் ஏறி உட்காரப் பார்க்கவில்லை என்பதும் தெரிகிறது. மோஷன், ஃப்ரிசெல், லொவானோ மூவரும் 1980-களில் பேஸ் இல்லாமலேயே ஒரு குழுவாக வாசித்துப் பழகியவர்கள். அப்படிப்பட்டவர்கள் இந்தத் தட்டுக்காக ஒரு பேஸைச் சேர்த்துக்கொண்டதும், அது எவன்ஸோடு இருந்தவருடைய பேஸாக இருப்பதும் யோசித்துச் செய்த காரியங்கள்.

பியானோ இல்லாததால் என்ன கிடைக்கிறது என்பதை நாகசுரத்தைக் கொண்டு விளக்கலாம் என்று நினைக்கிறேன். ஒரு கிருதியை ஒரே பாடகரின் குரலில் ஆண்டுக்கணக்காகக் கேட்டிருப்போம்; அவருடைய கமகமும் மூச்சும் இழுப்பும் அந்தக் கிருதியின் உடம்பாகவே ஆகிவிட்டிருக்கும். பிறகு ஒரு நாள் வில்லியனூர்த் தேருக்கோ திருப்பாதிரிப்புலியூர் பிரம்மோற்சவத்துக்கோ போனால், அதே கிருதி சொல்லும் குரலும் இல்லாமல் நாகசுரத்தில் வரும். அப்போதுதான் மெட்டு எந்த இடத்தில் ஏறுகிறது, எந்த இடத்தில் எதிர்பாராமல் திரும்புகிறது என்பது நமக்குப் புரியும். பாடகருடையது எது, பாட்டினுடையது எது என்று பிரித்துப் பார்க்க முடியும். எவன்ஸின் பியானோவும் அப்படிப்பட்ட குரல்தான். அவர் வாசிப்பில் மெட்டும் கார்டும் ஒரே கையசைவில் வருவதால், கேட்பவர் அந்த நிறத்தில் மயங்கி, மெட்டை மறந்துவிடுவார். வேறொரு பியானோ கலைஞர் வாசித்தால் இன்னும் மோசம்: ஒன்று அவரைப் போலச் செய்துகாட்டுவார், அல்லது அவரைப் போல இல்லாமலிருக்கப் பாடுபடுவார். இரண்டிலும் நாம் எவன்ஸையே நினைத்துக்கொண்டிருப்போம். எவன்ஸ் எழுதியதை நினைக்க மாட்டோம்.

இங்கே மெட்டு சாக்ஸபோனுக்குப் போகிறது. லொவானோவின் டெனரில் சுரத்தோடு காற்றும் கலந்து வருவதால், விரலால் அழுத்தி எழுப்பிய மெட்டு வாயால் பாடிய மெட்டாக மாறிவிடுகிறது. கார்டுகள் ஃப்ரிசெலிடம் வருகின்றன. கிதாரைத் தட்டியவுடன் எழும் முனையை வால்யூம் பெடலால் மறைத்து, ஒலி எங்கிருந்து தொடங்கியது என்று தெரியாதபடி மெல்லப் பெருக்கிக்கொண்டு வருவது அக்காலத்தில் அவருடைய பழக்கம். பியானோவின் சுரம் அடித்த கணத்தில் உச்சத்தில் இருந்து பிறகு தேயும். ஃப்ரிசெலின் சுரமோ இல்லாமையிலிருந்து வளர்ந்து வரும். எவன்ஸின் கார்டுகளைப் பின்பக்கமிருந்து பார்ப்பது போன்ற ஓர் அனுபவம் இது. எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். சில இடங்களில் எனக்கே அந்த எதிரொலி சற்று அதிகமாகத்தான் தெரிகிறது, அக்காலத்து மின்கிதார்களின் சாயலும் அதில் அப்பட்டமாக இருக்கிறது. ஆனாலும் எவன்ஸ் எழுதிய கார்டுகள் இவ்வளவு தெளிவாகத் தனித்தனியாகக் காதில் விழுவது அந்த மெதுவினால்தான்.

உருப்படிகளுக்கு வருகிறேன். தட்டில் இரண்டாவதாக வரும் ‘டர்ன் அவுட் த ஸ்டார்ஸ்’தான் என் கணக்கில் இத்தொகுப்பின் உச்சம். எவன்ஸின் தந்தை 1966-இன் தொடக்கத்தில் இறந்தார். அடுத்த சில வாரங்களில், பிப்ரவரி 21 அன்று, நியூயார்க் டவுன் ஹாலில் நடந்த கச்சேரியில் தந்தையின் நினைவாக எவன்ஸ் தனியாக வாசித்த நீண்ட தொகுப்பின் ஒரு பகுதியாக இது முதலில் வெளிப்பட்டது. மோஷன் அப்போது குழுவில் இல்லை, 1964-லேயே விலகிவிட்டார். ஆக, இந்தத் துக்கத்தில் அவருக்கு நேர்ப் பங்கு கிடையாது. அதனால்தானோ என்னவோ, அவர் இதை ஒப்பாரியாக்கவில்லை. மெட்டு ஒரு சிறு சொற்றொடரில் தொடங்கி, அதையே வேறு வேறு சுரத்தானங்களில் வைத்து வைத்துப் பார்த்து, ஒவ்வொரு முறையும் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டு உள்ளே நுழையாமல் அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறது. எவன்ஸின் சொந்தப் பதிவுகளில் அந்த அலைச்சல் பியானோவின் அழகுக்குள் மூடிக்கிடக்கும். லொவானோ ஊதும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் மூச்சு எடுக்க வேண்டியிருப்பதால், அந்த மூச்சின் இடைவெளியில் நமக்கு அலைச்சல் தெரிகிறது. மோஷன் வட்ட உலோகத் தகடான சிம்பலைக் கம்பிப் பிரஷால் உரசுவதோடு நிறுத்திக்கொள்கிறார்.

இங்கே ஒரு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருவில் பிள்ளைகளுக்கு மிருதங்கம் சொல்லிக்கொடுக்கும் பெரியவர் ஒருவர், மாலையில் காற்றாட வாசலில் உட்காரும்போது என் வீட்டுப் பக்கம் வருவார். ‘டர்ன் அவுட் த ஸ்டார்ஸ்’ ஓடிக்கொண்டிருந்தபோது வந்தவர், டிரம்மரின் தட்டு என்று நான் சொன்னதைக் கேட்டு அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மூன்று நிமிடம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தம்பி, இவர் எப்போ ஆரம்பிக்கப் போறார்?” என்றார். “ஆரம்பிச்சுட்டார் ஐயா, இதுதான் அவர் வாசிப்பு” என்றேன். நம்பிக்கையில்லாமல் இன்னும் இரண்டு உருப்படி கேட்டார். தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த அவருடைய கை நான்காவது உருப்படியில் ஓரிடத்தில் நின்றது. தான் போட்டுக்கொண்டிருந்த தட்டு விழ வேண்டிய இடத்தில் மோஷன் அடிக்கவே இல்லை என்பதையும், அப்படியிருந்தும் தாளம் பிசகவில்லை என்பதையும் அவர் அப்போதுதான் கவனித்தார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. மறுநாள் வந்து, அந்த நான்காவதை இன்னொரு முறை போடச் சொன்னார்.

மிருதங்கத்தில் சர்வலகு என்று ஒன்று உண்டு: தாளத்தின் ஓட்டத்தை அறுபடாமல் இழை இழையாக நெய்துகொண்டே போவது. ஜாஸ் டிரம்ஸில் அதற்கு இணையானது, வலது கையால் பெரிய சிம்பலில் விடாமல் போட்டுக்கொண்டே வரும் அடி. பெரும்பாலான டிரம்மர்கள் அதை நிறுத்தவே மாட்டார்கள். குழுவில் மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார்கள். மோஷன் அதைத் தொடங்குவார், நடுவில் விட்டுவிடுவார், இரண்டு தட்டு கழித்து வேறோர் இடத்தில் பிடிப்பார், சில வேளை கால்டிரம்மை ஒரே ஒரு முறை மிதித்துவிட்டு அடுத்த நாலு தட்டும் சும்மா இருப்பார். பாட்டுக்கு வாசிப்பது என்று நம் பக்கவாத்தியக்காரர்கள் சொல்லும் பெரிய கலையின் வேறொரு வடிவம் இது. சாகித்தியம் எங்கே சொல்லை நிறுத்துகிறது என்று தெரிந்தவனால்தான் அந்த இடத்தில் கையை எடுத்துக்கொள்ள முடியும். இத்தட்டின் தலைவர் அவர். உறையில் அவர் பெயர்தான் இருக்கிறது. ஆனால் நீண்ட தனி ஆவர்த்தனத்தை எதிர்பார்த்துக் கேட்பவர் ஏமாந்துபோவார். ஒரு டிரம்மர் தலைமை தாங்கும் தட்டு என்றால் முழக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு இதை வாங்க வேண்டாம்.

அந்த நான்காவது உருப்படி ‘வெரி ஏர்லி’. எவன்ஸ் லூசியானாவில் கல்லூரி மாணவராக இருந்தபோது எழுதியது. பிறகு 1962-இல் ‘மூன் பீம்ஸ்’ தட்டில் பதிவானது. வால்ட்ஸ், அதாவது மூன்று மூன்று தட்டாக நடப்பது, நம் கணக்கில் திஸ்ரம். மாணவப் பருவத்தில் எழுதியது என்றாலும் கற்றுக்குட்டியின் வேலை அல்ல. மெட்டு சாந்தமாக நடக்க, அடியில் கார்டுகள் மட்டும் ஒரு சுருதியிலிருந்து இன்னொரு சுருதிக்குச் சத்தமில்லாமல் இடம் பெயர்ந்துகொண்டே இருக்கின்றன. படகில் உட்கார்ந்திருப்பவருக்குக் கரை நகர்வது போலத் தோன்றுமே, அப்படி. 1962-ஆம் ஆண்டுப் பதிவில் இளம் மோஷன் அதற்கு அடக்கமாகப் பிரஷ் வாசித்திருந்தார். இங்கே அதே மனிதர், திஸ்ரத்தின் முதல் தட்டை வேண்டுமென்றே மழுப்பி, உருப்படியைத் தரையிலிருந்து சற்றுத் தூக்கி வைக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பது ஒரே கையின் இளமையையும் முதுமையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதாகும்.

‘டைம் ரிமெம்பர்ட்’ பற்றி இசை படிப்பவர்கள் அதிகம் பேசுவார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. மேற்கத்திய இசையில், நிஷாதம் மேல் ஷட்ஜத்தைத் தேடுவதுபோல, கேட்பவரின் மனத்தை வீட்டுச் சுருதிக்கு இழுத்துக்கொண்டு போகும் கார்டு வகை ஒன்று உண்டு. டாமினன்ட் செவன்த் என்பார்கள். ஜாஸ் பாடல்கள் பெரும்பாலும் அதன் தோளில் ஏறித்தான் நகரும். எவன்ஸ் இந்த உருப்படியில் அந்த வகைக் கார்டை ஓரிடத்திலும் பயன்படுத்தவில்லை. அதனால் மெட்டு எங்கும் போய்ச் சேர வேண்டிய கட்டாயமில்லாமல் மிதக்கிறது. இப்படி இழுவிசை இல்லாத ஓர் உருப்படியை, தாளத்தை வற்புறுத்தாத ஒரு டிரம்மரிடம் கொடுத்தால் என்ன ஆகும்? கலைந்து போய்விடும் என்றுதான் நான் பயந்தேன். ஜான்சனின் பேஸ் அதைக் காப்பாற்றுகிறது. எவன்ஸோடு இரவிரவாக வாசித்த பேஸ் அல்லவா; எந்தக் கார்டில் எத்தனை நேரம் நிற்க வேண்டும் என்பது அதற்குத் தெரிந்திருக்கிறது. மோஷன் 1962-ஆம் ஆண்டின் ஐந்து பதிவுகளில் இருந்தவர் என்றாலும், இந்த உருப்படியை எவன்ஸ் அதே ஆண்டு ஆகஸ்டில் ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனபோது டிரம்ஸில் இருந்தவர் ஃபில்லி ஜோ ஜோன்ஸ். அந்தப் பதிவும் எவன்ஸ் இறந்த பிறகுதான் வெளியில் வந்தது. கைதவறிப் போன ஒன்றை மோஷன் இங்கே திரும்ப எடுத்துக்கொண்டதாக நான் நினைத்துக்கொள்கிறேன். அது என் கற்பனையாகவும் இருக்கலாம்.

‘ரீ: பர்சன் ஐ நியூ’ நம் காதுக்கு மிக நெருக்கமானது. கீழே ஒரே சுரம் சுருதிப்பெட்டியைப் போல நின்றுகொண்டிருக்க, மேலே கார்டுகள் நிறம் மாறிக்கொண்டே போகும் அமைப்பு. தம்புராவின் மேல் ஆலாபனை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் விளக்கம் எதுவும் தேவைப்படாது. ஜாஸ் புரியவில்லை என்று சொல்லும் நண்பர்களுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது இதைத்தான். இந்தத் தலைப்பில் ஒரு வேடிக்கையும் உண்டு. எவன்ஸின் தட்டுகளைத் தயாரித்த ஓரின் கீப்நியூஸ் என்பவரின் பெயரை ஆங்கிலத்தில் எழுதி, அந்தப் பதின்மூன்று எழுத்துகளையும் கலைத்துப் போட்டு அடுக்கினால் ‘ரீ: பர்சன் ஐ நியூ’ என்று வரும். மாலைமாற்றும் சித்திரக்கவியும் பாடிய நாட்டில் பிறந்தவர்களுக்கு இந்த வகைக் குறும்பு அந்நியமல்ல.

‘ஃபைவ்’ இன்னொரு வகைக் குறும்பு. அமெரிக்க இசையமைப்பாளர் கெர்ஷ்வினின் பழைய பாடல் ஒன்றின் கார்டு வரிசையை அப்படியே கடன் வாங்கி, அதன் மேல் வேறு மெட்டு எழுதுவது ஜாஸில் காலங்காலமாக நடப்பது. எவன்ஸ் அதில் நாலு தட்டுக் கணக்குக்குள் ஐந்து ஐந்தாகச் சுரங்களை அடுக்கி வைத்தார். சதுசிரத்துக்குள் கண்ட நடை வைப்பது என்று சொன்னால் நம்மவர்களுக்கு உடனே விளங்கும். கண்ட நடையைத் தனி ஆவர்த்தனத்தில் கேட்டுத் தலையாட்டுகிறவர்கள் நாம். அது ஒரு மெட்டின் எலும்பாகவே இருப்பதைக் கேட்க வேடிக்கையாக இருக்கிறது. இத்தட்டில் மோஷன் சற்று உற்சாகமாகக் கையை வீசுவது இங்கேதான். 1956-இல் தன்னுடைய முதல் தட்டில் எவன்ஸ் இதைப் பதிவுசெய்தபோதும் டிரம்ஸில் அவரே இருந்தார் என்பதை முன்பே சொன்னேன்.

‘ஷோ டைப் டியூன்’, ‘வாக்கின் அப்’, ‘ஸ்கிடூ’ ஆகிய மூன்றும் ‘ஹவ் மை ஹார்ட் சிங்ஸ்’ தட்டிலிருந்து வந்தவை. மூன்றுமே நன்றாக வாசிக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் ‘வாக்கின் அப்’பில் எவன்ஸின் பியானோவிலிருந்த துள்ளல் இங்கே தளர்ந்துபோயிருக்கிறது. ஓட்டம் வேண்டிய உருப்படிகளில் மோஷனின் இடைவெளிகள் எப்போதும் பலன் தருவதில்லை. கடைசியாக வரும் ‘சில்ட்ரன்ஸ் ப்ளே சாங்’ எவன்ஸ் 1970-இல் பதிவுசெய்த எளிய மெட்டு. இனிமையாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இத்தட்டுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், அதாவது 1988-இல், மோஷன் இதே ஜே.எம்.டி.க்காக ஜாஸ் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்கின் உருப்படிகளை வாசித்து ‘மங்க் இன் மோஷன்’ என்று ஒரு தட்டு வெளியிட்டார். தன் ஆர்மீனியக் குடும்பப்பெயரும் இயக்கம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லும் ஒலியில் நெருங்கி வருவதை வைத்துச் செய்த சிலேடை அந்தத் தலைப்பு. அதில் சில உருப்படிகளில் ஜெரி ஆலன் பியானோ வாசித்திருந்தார். மங்கின் மெட்டுகள் உடைத்தாலும் உடையாத கருங்கல்; பியானோ வைத்தாலும் எடுத்தாலும் மங்க் மங்காகவே நிற்பார். எவன்ஸின் மெட்டுகள் அப்படியல்ல, பியானோ வந்துவிட்டால் அதற்குள் கரைந்துவிடுபவை. இந்த வேறுபாட்டை மோஷன் அறிந்திருந்தார் என்பதற்கு இரண்டு தட்டுகளையும் பக்கத்தில் வைத்துக் கேட்பதே போதும். பின்னாளில் 2010-இல், சிக் கொரியாவோடும் எட்டி கோமேஸோடும் சேர்ந்து எவன்ஸுக்கு இன்னோர் அஞ்சலியாக நியூயார்க்கில் மோஷன் வாசித்ததும் தட்டாக வந்திருக்கிறது. அதில் பியானோ உண்டு. நல்ல தட்டுதான். ஆனால் அதைக் கேட்கும்போது என் காது கொரியாவையும் எவன்ஸையும் ஒப்பிடுவதிலேயே போய்விட்டது.

மறந்துபோன உருப்படிகளை மீட்பது நம் பகுதிக்குப் புதிய விஷயம் இல்லை. சிதம்பரத்தில் நின்று பாடிய முத்துத் தாண்டவருக்கும், அதன் அருகிலேயே தில்லைவிடங்கனில் பிறந்த மாரிமுத்தாப் பிள்ளைக்கும் சாகித்தியம் தங்கியது, மெட்டு தங்கவில்லை. பிற்காலத்தவர்கள் புது மெட்டமைத்துப் பாடினார்கள். அங்கே மீட்பவர்தான் மெட்டுக்குச் சொந்தக்காரர் ஆகிறார். எவன்ஸின் உருப்படிகளில் மெட்டு எழுத்திலும் ஒலிப்பதிவிலும் பத்திரமாக இருந்தது. அதை மூடியிருந்தது அவருடைய சொந்த வாசிப்பின் புகழ். அதை விலக்கும் உரிமை யாருக்கு உண்டு என்று கேட்டால், அந்த வாசிப்புக்குப் பக்கத்தில் எட்டு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவருக்கு உண்டு என்பேன்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். என் கைக்கு வந்த பிரதியில் உள்தாள் இல்லை. அது சந்தைக் கொள்முதலின் பலன், நிறுவனத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நான் மாதச் சந்தா கட்டும் பாட்டுச் செயலி ஒன்றில் இதே தொகுப்பைத் தேடியபோது, ஒன்பது உருப்படிகளுக்கும் நேரே மோஷனின் பெயர் மட்டுமே இருந்தது. இயற்றியவர் என்ற இடம் காலி. இயற்றியவரை முன்னிறுத்துவதற்காகவே செய்யப்பட்ட ஒரு தட்டில் இயற்றியவரின் பெயரை அழித்துவிட்டு, அதன் தலைப்பாக மட்டும் விட்டுவைப்பது எரிச்சலூட்டும் அலட்சியம். வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். தானியங்கிப் பதில் ஒன்று வந்தது.

கேட்கும் இடமும் முக்கியம். இதைக் கைப்பேசியின் ஒலிபெருக்கியில் கேட்டால் ஜான்சனின் பேஸ் முழுவதும் காணாமல் போகும். மோஷனின் பிரஷ் ஓசை மின்விசிறியின் சத்தத்தோடு கலந்துவிடும். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் புதுச்சேரியில் உட்கார முடியாது என்பதால், நல்ல காதொலிப்பான் ஒன்றைப் பரிந்துரைக்கிறேன். ஜூன் 21-ஐ ஒட்டி நம் பிரெஞ்சுக் குடியிருப்புத் தெருக்களில் நடக்கும் இசை விழாவில் கேட்கும் ஜாஸை மனத்தில் வைத்துக்கொண்டு இதைத் தேடுபவர்களுக்கு இது பெரிய வேறுபாடாக இருக்கும். அங்கே நாலு தெருவுக்குக் கேட்க வாசிப்பார்கள், அதில் தவறில்லை. இந்தத் தட்டு ஓர் அறைக்கு மேல் போகாது. மாலையில் வண்டிகளை நிறுத்திய பிறகு கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டே ஒருமுறை கேட்டுப் பார்த்தேன்; பாறைகளில் மோதும் அலை, மோஷனின் சிம்பலை முழுவதுமாக விழுங்கிவிட்டது.

புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. முதலில் ‘மூன் பீம்ஸ்’ கிடைத்தால் அதில் ‘வெரி ஏர்லி’யையும் ‘ரீ: பர்சன் ஐ நியூ’வையும் மட்டும் கேளுங்கள், மறுநாள் இந்தத் தட்டில் அதே இரண்டையும் கேளுங்கள், பிறகு இரண்டாவது உருப்படிக்குப் போங்கள். முதலிலிருந்து வரிசையாகக் கேட்பதைவிட இந்த வழி எனக்குப் பலன் தந்தது. மிருதங்க ஆசிரியருக்கும் இந்த வரிசையைத்தான் எழுதிக் கொடுத்தேன். தட்டு இப்போது அவர் வீட்டில் இருக்கிறது. நான்காவதை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டிவிட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.